பெறாமகள் எடுத்த பெயர்

அக்காவின் மகள், என் பெறாமகள், ஒரு போலந்துக்காரப் பெடியனை விரும்புகிறாள் என்பது குடும்பத்தில் முதலில் எனக்குத்தான் தெரியவந்தது. கனடாவில், மில்லிக்கனில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒரு சனிக்கிழமை வந்தாள். இருமல் மருந்துத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, வரிசை கலையும்வரை பார்த்திருந்து சொன்னாள்.

"சின்னம்மா, நீங்கள்தான் அப்பாவோட கதைக்கவேணும். என்னால ஏலாது."

அவளுக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. பெரிய கட்டட நிறுவனம் ஒன்றில் எஞ்சினியர். கொன்றாக்டர்மாருக்கு முன்னால் தலைக்கவசத்தோடு நின்று வாதாடுகிறவள். தகப்பனோடு மட்டும் அவளுக்கு வாய் திறப்பதில்லை. சாப்பாடு, கார், வெளியில் பனி எவ்வளவு என்பவற்றைத் தாண்டி இருவருக்கும் இடையில் பேச்சு நின்று கனகாலம்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். யூனிவர்சிற்றியில் படிக்கும்போது அவள் எங்கள் ஆட்களிலேயே ஒரு பெடியனை விரும்பினாள். ஸ்காபரோவில் வளர்ந்த மரியாதையான பிள்ளை. அத்தான் லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரெலிபோன் எடுத்து, அவர்கள் என்ன ஆக்கள், என்ன சாதி என்று விசாரித்தார். வந்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. பெடியனின் தகப்பனைத் தானே கூப்பிட்டு, இது சரிவராது என்று சொன்னார். இரண்டு தகப்பன்மாரும் மிகவும் தன்மையாகப் பேசிக்கொண்டார்களாம். அந்தத் தன்மையைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்று பெறாமகள் என்னிடம் ஒருமுறை சொன்னாள். யாரும் சத்தம் போட்டிருந்தால் தானும் சத்தம் போட்டிருப்பாளாம். பெடியன் பிறகு வேறு இடத்தில் கலியாணம் செய்தான். அவள் வீட்டைவிட்டு டவுன்ரவுனில் ஒரு கொண்டோ மாடிவீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு காட்டிய மாப்பிள்ளைமாரில் ஒருவரையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே அஜக்ஸில் இருந்த அக்கா வீட்டுக்கு நான் பயத்தோடுதான் போனேன். அத்தான் ரீவிக்கு முன்னால் இருந்தார். பிக்கரிங்கில் ஒரு களஞ்சியசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டி, முதுகு போய், வேலையை விட்டுவிட்டு இருந்த காலம். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"என்ன வேலை?"

"லிப்ற் பூட்டுற கொம்பனியில எஞ்சினியர்."

"குடிப்பானோ?"

"எனக்குத் தெரியாது அத்தான். பார்த்தால் அப்பிடித் தெரியேல்லை."

அவர் ரீவிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு முகம் இளகியது. "சரி. வெள்ளை எண்டால் ஒரு கரைச்சலும் இல்லை. அவங்களுக்குள்ள உதுகள் இல்லை. நாளைக்கு ஒருத்தரும் வந்து என்னை ஒண்டும் கேக்க ஏலாது."

அக்கா குசினிக்குள் போய் அழுதாள். நான் போய்ப் பார்த்தபோது, சந்தோசத்தில் அழுகிறேன் என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அந்த வீட்டில் அவள் அப்படி அழுததை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

பெடியனின் தாய் தகப்பன் மிசிசாகாவில் இருந்தார்கள். எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அத்தான், அக்கா, நான், என் புருசன் இவர் என்று நாலுபேரும் ஒரே காரில் போனோம். அக்கா பலகாரம் சுட்டு எடுத்து வந்தாள். பெறாமகள் அங்கே முன்னதாகவே போயிருந்தாள்.

பெடியனின் தகப்பன் நல்ல உயரம். கல் அடுக்கிக் கட்டடம் கட்டும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு கைகளும் மண்வெட்டி மாதிரி அகலம். அவர்களுடைய நாட்டில் இராணுவச் சட்டம் போட்ட காலத்தில் தப்பி ஓடி, ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் கிடந்து, பிறகு இங்கே வந்தவர். அத்தானும் ஜெர்மனி முகாமில் கிடந்தவர்தான். இந்தச் சங்கதி வெளியில் வந்தவுடன் இருவருக்கும் ஊர்க்காரரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. முகாமில் தந்த ரொட்டியைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அத்தான் அப்படி வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டு பெறாமகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

சாப்பாடு முடிந்து கசகசா வைத்த கேக் வந்தது. அத்தான் மரியாதைக்காகத்தான் கேட்டார். "எங்கட பேர் எல்லாத்துக்கும் ஒரு கருத்து இருக்கு. உங்கட குடும்பப் பேருக்கும் இருக்கோ?"

அவர்களுடைய பெயர் கார்பாஷ். எழுதும்போது கடைசியில் வரும் எழுத்துகளை இங்கே ஒருவரும் சரியாக வாசிப்பதில்லை.

"இருக்கிறது," என்று அந்த மனிதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்று தெரிந்தது. "தோல் பதனிடுகிறவன் என்று அர்த்தம். மாட்டுத் தோல், குதிரைத் தோல், எல்லாம். சொல்கூட எங்களுடையது இல்லை. பழைய காலத்தில் ஜெர்மன்காரக் கைவேலைக்காரர்கள் எங்கள் நகரங்களில் குடியேறியபோது தொழிலோடு சேர்த்துக் கொண்டுவந்த சொல் அது."

ஊரில் ஒரே முதற்பெயரோடு பலபேர் இருப்பார்களாம். கோயில் புத்தகத்தில் எழுதும் பாதிரியார், யார் எவர் என்று பிரித்தறிய, பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதுவாராம். கொல்லன், வண்டிக்காரன், மாவரைக்கிறவன் என்று. மகன் தோலைத் தொடாமல் தோட்டம் செய்யப் போனாலும் அவன் தோல்காரன் மகன். பேரன் பட்டாளத்துக்குப் போனாலும் தோல்காரன். பிற்காலத்தில் அந்த நாட்டைத் துண்டு போட்டுப் பங்குபோட்ட ராஜாக்கள், ஒவ்வொருவருக்கும் நிரந்தரமான குடும்பப் பெயர் இருக்கவேண்டும் என்று கட்டளை போட்டபோது, ஆளுக்கு அன்றைக்கு எது ஒட்டியிருந்ததோ அது அப்படியே இறுகிப்போனதாம்.

"நகரத்து மதிலுக்கு உள்ளே எங்களை வைக்கவில்லை," என்றார். "குழிகளில் சுண்ணாம்பு, மரப்பட்டை, நாயின் பீ எல்லாம் போட்டுத் தோலை ஊறவைப்பார்கள். நாற்றம் தாங்காது. அதனால் ஆற்றின் கீழ்ப்பக்கம், ஊருக்கு வெளியே."

"மேசையில் இருக்கிறோம்," என்று அவருடைய மனைவி அவர் கையில் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

"ஆறு ஓடிய ஊர்களில் எல்லாம் இந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் நாங்கள் சொந்தக்காரர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருத்தன் தோலோடு நின்றிருக்கிறான், அவ்வளவுதான். என் பெரியப்பா ஜெர்மனிக்கு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். அங்கே பெயரை ஜெர்மன் மொழிக்கே திருப்பி எழுதிக்கொண்டார். சிக்காகோவில் இருக்கிறவர்கள் பாதியை வெட்டிவிட்டார்கள். நான் இங்கே வந்தபோதும் வேலைத்தளத்தில் சுருக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அந்தக் குழிக்குள் இடுப்பளவுக்கு நின்றவனை நான் ஏன் ஒளிக்கவேண்டும்?"

அத்தான் கேக் தட்டை மெல்ல மேசையில் வைத்தார். முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கோப்பி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். அந்தத் தண்ணீரையும் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். விமான நிலையத்தைத் தாண்டினோம். இவர்தான் ஓட்டினார். வானொலியைப் போட்டார், பிறகு நிறுத்தினார்.

"மாட்டுத் தோல்," என்றார் அத்தான்.

"அது ஆரோ எந்தக் காலத்திலயோ செய்தது," என்றாள் அக்கா. "அந்தாள் கல்லு வேலை செய்தவர். மகன் எஞ்சினியர்."

"அப்ப ஏன் இன்னும் அந்தப் பேரைக் கட்டிக்கொண்டு திரியினம்? அதுவும் பெருமையாச் சொல்லுறார். கேட்டனி தானே? ஊருக்கு வெளியில வைச்சவங்களாம். அதையும் பெருமையாச் சொல்லுறார்."

"வெள்ளையளுக்கு உது ஒண்டும் இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

 அஜக்ஸில் இறங்கும்போது அத்தான் இவரிடம் மட்டும், "கவனமாப் போங்கோ" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெறாமகளை வீட்டுக்கு வரச் சொன்னார். பயத்தில் அக்கா என்னையும் கூப்பிட்டாள். அத்தான் குரல் உயர்த்தவில்லை. கலியாணத்துக்குத் தான் மறுப்பில்லை என்றார். இரண்டே இரண்டு விசயம்தான் கேட்டார். அழைப்பிதழில் பெடியனின் முதற்பெயரை மட்டும் போடவேண்டும். கலியாணத்துக்குப் பிறகும் அவள் தன்னுடைய பெயரோடுதான் இருக்கவேண்டும்.

"ஏன் அப்பா?"

"என்ரை சனத்துக்கு நான் மறுமொழி சொல்லவேணும்."

"அவைக்கு அந்தப் பேரின்ர கருத்துத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியும்."

 பெறாமகள் சின்னப்பிள்ளையில் கேள்வி கேட்பது போலக் கேட்டாள். "ஜெர்மனியில என்ன வேலை அப்பா செய்தனீங்கள்?"

"கோப்பை கழுவினன். உனக்குத் தெரியும்தானே."

"இங்க வந்து?"

"இங்கயும் முதல் கோப்பைதான் கழுவினன். அதுக்காக என்ரை பேர் கோப்பைகழுவி எண்டு மாறேல்லை."

"மாறியிருக்கும். அந்த ஊரில அந்தக் காலத்தில நிண்டிருந்தால் மாறியிருக்கும். நானும் கோப்பைகழுவி எண்டுதான் பள்ளிக்கூடத்தில பேர் குடுத்திருப்பன். எனக்கு அதில ஒரு வெக்கமும் வந்திருக்காது."

 அத்தான் எழும்பி மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை அவமானப்படுத்துவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அத்தானுக்கு எப்படிக் கேட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். கோப்பை கழுவிய அந்த உணவகச் சமையலறைகளைப் பற்றி அவர் மகளிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது எல்லாம் அக்கா சொன்னது.

காருக்குப் போகும்போது பெறாமகள் என்னிடம் சொன்னாள். "பேர் மாத்துற யோசினை எனக்கு இருக்கேல்லை சின்னம்மா. ஒருநாளும் இருக்கேல்லை. இப்ப மாத்தப்போறன்."

"பிள்ளை, அந்தாளுக்கு நீ ஒண்டுதான். உன்ர பேருக்குப் பின்னால இருக்கிறது அவற்றை பேர்."

"தெரியும்."

"அதை எடுத்துப்போட்டு நீ இதைப் போட்டால் அவர் தாங்கமாட்டார்."

"முதல் தரம் நான் பேசாமல் இருந்தனான்," என்றாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனுடைய சொந்தப் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும். அந்தப் பிள்ளையுடைய பெயர் அதன் பிள்ளைக்குப் பின்னால் போகும். ஒரு தலைமுறைக்கு மேல் எந்தப் பெயரும் நிற்காது. கனடாவுக்கு வந்த பிறகுதான் கடைசிப் பெயர் என்ற பெட்டிக்குள் அதைப் போட்டு நிரப்பினோம். அத்தானின் பெயர் இந்த நாட்டில் அக்காவுக்குப் பின்னாலும் பெறாமகளுக்குப் பின்னாலும் மட்டும்தான் இருந்தது. அவள் பள்ளியில் பரிசு எடுத்தபோது மேடையில் கூப்பிட்டதும், பட்டம் எடுத்தபோது கூப்பிட்டதும் அவருடைய பெயர்தான். அந்தப் பெயர் கூப்பிடப்படும்போது அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கலியாணம் மார்க்கம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. அழைப்பிதழில் இரண்டு பக்கத்துப் பெயர்களும் முழுதாக இருந்தன. அத்தான் வரவில்லை. கடைசிவரை வருவார் என்று அக்கா நம்பினாள். அவருடைய வேட்டி சால்வையை அயன் பண்ணிக் கட்டிலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். தாரை வார்க்கத் தம்பதியாக ஆள் வேண்டும் என்றபடியால், நானும் இவரும் மணவறையில் போய் இருந்தோம். பெற்ற தாய் கீழே முதல் வரிசையில் விருந்தாளி மாதிரி இருந்தாள். ஐயர் பொம்பிளையின் தகப்பன் பெயரைக் கேட்டார். இவர் குனிந்து சொன்னார். மந்திரத்தோடு சேர்த்து அந்தப் பெயரை ஐயர் உரத்துச் சொல்ல, பெறாமகள் கண்ணை மூடிக்கொண்டாள். பெடியனின் தகப்பன் வேட்டி கட்டியிருந்தார். அது அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் மண்டபம் முழுக்க ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

தாரை வார்த்ததற்காக அத்தான் என்னோடும் இவரோடும் பேச்சை விட்டார். கலியாணத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெறாமகளின் புதிய பெயர் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அக்காவுக்கு அவள் அனுப்பிய ஒரு பொதியின் உறையில் அந்தப் பெயரைக் கண்டு அத்தான் பொதியை வாசலிலேயே விட்டுவிட்டாராம். மழையில் நனைந்து கிடந்ததை அக்கா எடுத்தாள். உள்ளே அவருக்கு வாங்கிய குளிர்ச்சட்டை இருந்தது.

பேத்தி பிறந்தாள். அக்கா கோ ரெயினில் ஏறி டவுன்ரவுன் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போனதாகச் சொல்லி வீட்டுக்கு வருவாள். அத்தானுக்கு அது தெரிந்தேயிருந்தது. கேட்கவில்லை. அக்கா சட்டையில் குழந்தைப் பவுடர் மணம் இருக்கும் நாட்களில் அவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் போய் இருப்பாராம். அதை அக்கா எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த வருசம் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது.

நோய் வேகமாக முற்றியது. ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலடியில் பகலில் நானும் பெறாமகளும் மாறிமாறி இருந்தோம். பின்னேரம் அத்தான் வருவார். அவர் வருவதற்கு முதல் பெறாமகள் இறங்கிப் போய்விடுவாள். இருவரும் லிப்ற் வாசலில் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தார்கள். அத்தான் அடுத்த லிப்ற்றுக்காகக் காத்து நின்றார்.

சம்பந்தி, அதுதான் பெடியனின் தகப்பன், கிழமைக்கு ஒருக்கால் மிசிசாகாவில் இருந்து வருவார். மனைவி வைத்த பீற்றூட் சூப்பை ஒரு போத்தலில் கொண்டுவருவார். அக்காவால் இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்க முடியாது. ஒருநாள் அக்கா நித்திரையாகிவிட, நானும் அவரும் வெளியே நடையில் இருந்த கதிரைகளில் இருந்தோம்.

"என் பெயரைப் பற்றி நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றார்.

"நீங்கள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை," என்றேன்.

"மகன் பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினான். உங்கள் ஊரில் தொழில் என்றால் என்ன என்று." அவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் பெயரால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். என் அப்பா பிறந்த ஊரில், ஆற்றங்கரையில், அதே பெயரில் இரண்டு வீடு இருந்தது. ஒன்று எங்களுடையது. மற்றது யூதர்களுடையது. சொந்தம் இல்லை. அவர்களுடைய பாட்டனும் தோல் வேலை செய்தவன், அவ்வளவுதான். யுத்தத்தில் ஜெர்மன்காரர் வந்தபோது முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பெயரை வைத்து வந்தார்கள். என் பாட்டி சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டி, நாங்கள் இல்லை, அங்கே என்று கை நீட்டினாளாம்."

 அவராகவே முடித்தார்.

"அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. கை நீட்டாவிட்டாலும் அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அப்பா சொல்லுவார். பாட்டி மட்டும் சாகும்வரை அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டுதான் படுப்பாளாம். நான் பெயரைச் சுருக்காமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மகனுக்கு இதை நான் சொன்னதில்லை."

ஏன் எனக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஊரில் சோதனைச்சாவடிகளில் நாங்கள் பெயர் சொல்லிக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் தாதி வந்து, அக்கா முழித்துவிட்டாள் என்றாள்.

அக்கா மாசி மாதத்தில் செத்தாள். மரண அறிவித்தலை அத்தான் எழுதினார். அன்புத் தாயார் என்ற வரியில் பெறாமகளின் முதற்பெயரும், அதன் பின்னால் தன்னுடைய பெயரும் இருந்தன. அன்பு மாமியார், அன்பு அம்மம்மா என்ற வரிகளே இருக்கவில்லை. சகோதரிகள் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார். பெறாமகள் அதை ரெலிபோனில் பார்த்தாள். "அம்மா இதைப் பார்க்கமாட்டா" என்று மட்டும் சொன்னாள்.

பியூனரல் ஹோமில் சனம் நிறைந்திருந்தது. பெட்டிக்கு ஒரு பக்கம் அத்தானும் அவருடைய தம்பியும். மற்றப் பக்கம் பெறாமகள், கையில் பிள்ளை, அவளுக்குப் பின்னால் மருமகன். வந்தவர்கள் இரண்டு பக்கமும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கம் முதலில் போவது என்று தடுமாறினார்கள்.

சம்பந்தியும் மனைவியும் கறுப்பு உடுப்பில் வந்தார்கள். அவர்களுடைய வழக்கப்படி ஊசியிலைக் கிளைகளும் வெள்ளைப் பூவும் வைத்துக் கட்டிய பெரிய வளையம் ஒன்று கொண்டுவந்தார்கள். அதன் குறுக்கே அகலமான நாடா. நாடாவில் பொன் எழுத்தில் அவர்களுடைய குடும்பப் பெயர். அதை அவர் தானே தூக்கிவந்து, பெட்டியின் கால்மாட்டில் நிறுத்தி, நாடாவைத் தட்டிச் சரிபண்ணினார். கும்பிட்டார். பிறகு போய்ப் பின்வரிசையில் இருந்தார்.

தேவாரம் பாடத் தொடங்கினார்கள். அத்தான் தம்பியின் காதில் ஏதோ சொன்னார். தம்பி அங்கு வேலை செய்கிறவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் வந்து, பூக்களை ஒழுங்குபடுத்துவது போல, வளையத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதவால் வெளியே போனார். நாடாவின் ஒரு நுனி தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. நான் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னுக்குப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் மனைவி அவருடைய கையைப் பிடித்திருந்தாள்.

பெறாமகள் பிள்ளையைப் புருசனிடம் கொடுத்துவிட்டு, பெட்டியைச் சுற்றித் தகப்பனிடம் போனாள். பாட்டு நிற்கவில்லை. நான் அருகில் நின்றபடியால் கேட்டது.

"அம்மாவுக்குக் கொண்டுவந்தது அது."

"இடம் காணாது," என்றார் அத்தான்.

"இடம் இருக்கு அப்பா."

அவர் பெட்டிக்குள் பார்த்தபடி நின்றார்.  அவள் தாயின் நெற்றியில் கையை வைத்தாள். திரும்பி மருமகனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். பின்வரிசையில் இருந்து சம்பந்தியும் மனைவியும் எழும்பினார்கள். தகன மண்டபத்துக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. பக்கத்து அறையில் சுவரோடு சாத்திக் கிடந்த வளையத்தை நானும் இவரும் காரில் ஏற்றிப்போய், தகனம் முடியும்வரை காருக்குள்ளேயே வைத்திருந்தோம். அதை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுப் பின்வளவில் பனிக்கு மேல் வைத்தேன். பூ எல்லாம் கறுத்த பிறகும் ஊசியிலைகள் கனநாள் பச்சையாகக் கிடந்தன.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அத்தான் ஆள் விட்டு எனக்குச் சொன்னார். போனேன். பெறாமகள் வரவில்லை. அவள் தாய்க்குத் தன் கொண்டோவில் விளக்குக் கொழுத்தி, மரக்கறிச் சோறு படைத்து, சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினேன். ஏன் போகிறாய் என்று இவர் கேட்டார். அக்கா இருந்தால் போகச் சொல்லியிருப்பாள் என்றேன். அத்தான் கதவைத் திறந்து, பாத்திரங்களை வாங்கி, "இருங்கோ" என்பார். நாலு அறை வீட்டில் ஒரு அறைக்குத்தான் லைற் எரியும். மேலே பெறாமகளின் அறை மூடியே கிடக்கும். மாப்பிள் மரத்து இலை கூட்ட ஆளில்லாமல் பின்வளவு முழுக்க அழுகிக் கிடக்கும். பேசுவதற்கு எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் மட்டும், நான் வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைச்சவை?"

மூன்று வயதுப் பிள்ளை. நான் பெயரைச் சொன்னேன். அது அக்காவின் பெயரின் முதற்பாதி.

"பின்னால?"

அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ரீவிச் சத்தம் கூடியது.

இந்தக் கோடையில் மருமகனுக்கு எட்மன்ரனில் வேலை கிடைத்தது. வீட்டு விலையும் அங்கே குறைவு. போகிறோம் என்று பெறாமகள் சொன்னபோது, தகப்பனுக்குச் சொல்லவா என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றாள். விமான நிலையத்துக்குச் சம்பந்தியும் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு, அங்கேயும் ஒரு ஆறு ஓடுகிறது என்று அவளுக்குச் சொன்னார். அவள் அவருடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் உள்ளே போன பிறகு அவர் நெடுநேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னுடைய அப்பாவும் இப்படித்தான் ஒரு ஸ்ரேசனில் நின்றாராம். பிறகு காணக் கிடைக்கவில்லையாம்.

அடுத்த ஞாயிறு அத்தானிடம் சொன்னேன். அவர் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டுக்குள் கறியைக் குழைத்த கை அப்படியே நின்றது.

"எவ்வளவு தூரம்?"

"பிளேனில நாலு மணித்தியாலம்."

"அங்க குளிர் கூட என்ன?"

"ஓம் அத்தான். இங்கத்தையை விடக் கூட."

 சாப்பாட்டை முடிக்காமல் கையைக் கழுவினார். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மில்லிக்கனுக்கு வந்தேன்.